‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’: படத்தை ஒதுக்கிவைத்து நாவலைப் படிப்பது எப்படி

ஃபேன்டசி நாவலைப் படமாக எடுப்பவர்கள் சம்பவங்களைத் திரைக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். எந்தச் செய்தி வாசகருக்கு எப்போது தெரிய வேண்டும் என்று எழுத்தாளர் போட்ட கணக்குதான் வந்து சேர்வதில்லை. ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலையும் அதன் படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். பீட்டர் ஜாக்சன் 2001, 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட மூன்று படங்களும் திரையரங்கில் ஓடிய வடிவில் மொத்தம் 558 நிமிடம், அதாவது 9 மணி 18 நிமிடம். ராப் இங்லிஸ் முழு நாவலையும் வாசித்த ஒலிநூல் 50 மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. வெட்டப்பட்ட காட்சிகள் மட்டும் இந்த இடைவெளிக்குக் காரணம் இல்லை. நாவல் கால்நடையாகப் போகிறவர்களின் வேகத்தில் நகர்கிறது. இருட்டு, பசி, மழை, வழி தவறுதல் எல்லாவற்றையும் வாசகரும் சேர்ந்தே கடக்க வேண்டும்.

படங்கள் நல்ல படங்கள்தான். மூன்றாவது படம் 11 ஆஸ்கர் விருதுகளை வாங்கியது, அதற்குத் தகுதியானதும்கூட. ஆனாலும் முதலில் போக வேண்டியது நாவலிடம். படத்தை எப்போது பார்த்தாலும் அது அப்படியேதான் இருக்கும். நாவலின் முதல் வாசிப்பு ஒரே ஒரு முறைதான் கிடைக்கும்.

இது ஆங்கில மூலத்தைக் கையில் எடுக்கும் புதியவர்களுக்கான வழிகாட்டி. ‘படம் பார்த்துவிட்டவர்களுக்கு மட்டும்’ என்ற பகுதியில் கதையின் முக்கியத் திருப்பங்கள் வருகின்றன. படமும் பார்க்காதவர்கள் அந்தப் பகுதியை இப்போதைக்குத் தாண்டிவிடுங்கள்.

பிரதியை வாங்கும்போது

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இது மூன்று நாவல்களின் தொடர் இல்லை. ஒரே நாவல். டோல்கீன் அதை ஆறு ‘புத்தகங்களாக’ப் பிரித்து எழுதினார். போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் காகித விலையும் அச்சுச் செலவும் அதிகமாக இருந்ததால் பதிப்பகம் அதை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது: முதலிரண்டும் 1954இல், மூன்றாவது 1955இல். எனவே முதல் தொகுதியை முடித்ததும் ‘ஒரு பாகம் முடிந்தது, கொஞ்சம் இடைவெளி விடலாம்’ என்று நினைக்க வேண்டாம். கதை அங்கே நிற்பதில்லை. கீழே ‘1ஆம் புத்தகம்’, ‘4ஆம் புத்தகம்’ என்று சொல்வதெல்லாம் இந்த ஆறு பிரிவுகளைத்தான்.

ஒரே கட்டாக வரும் பதிப்பு ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும். படுத்துக்கொண்டு படிக்க முடியாது, எழுத்தும் பொடியாக இருக்கும். முதல் வாசிப்புக்கு மூன்று தொகுதிகளாக வாங்குங்கள். வாங்கும் முன் மூன்று இடங்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

1. நிலப்படம் இருக்கிறதா? கதை நடக்கும் நடு உலகம் முழுவதையும் காட்டும் பெரிய படம், ஹாபிட்டுகள் என்ற குட்டையான மக்கள் வாழும் ஷையர் பகுதியின் சிறிய படம், கோண்டோர்–மோர்டோர் பகுதியை நெருக்கமாகக் காட்டும் படம் என்று மூன்று உண்டு. டோல்கீனின் மகன் கிறிஸ்டோபர் வரைந்தவை. நடைபாதைக் கடைகளில் கிடைக்கும் திருட்டுப் பிரதிகளில் இவை பெரும்பாலும் இருக்காது, அல்லது ஊர்ப் பெயர்கள் படிக்க முடியாதபடி மங்கியிருக்கும்.

2. மூன்றாம் தொகுதியின் கடைசியில் அ முதல் ஊ வரை என்று எண்ணத் தகுந்த ஆறு இணைப்புகள் இருக்கின்றனவா? ஆங்கிலத்தில் ஏ முதல் எஃப் வரை.

3. பதிப்புக் குறிப்பில் 2004ஆம் ஆண்டு என்று வருகிறதா? நாவலின் 50ஆம் ஆண்டுப் பதிப்புக்காக வேய்ன் ஹேமண்ட், கிறிஸ்டினா ஸ்கல் இருவரும் நூற்றுக்கணக்கான அச்சுப் பிழைகளையும் முரண்களையும் சரிசெய்தார்கள். இப்போது வருபவை பெரும்பாலும் அந்தத் திருத்திய பாடத்தைத்தான் பின்பற்றுகின்றன.

அட்டையில் நடிகர்களின் படம் போட்ட பிரதி வேண்டாம். ஒவ்வொரு முறை புத்தகத்தைக் கையில் எடுக்கும்போதும் அந்த முகங்கள்தான் மனதில் பதியும். மின்னூலாகப் படிப்பவர்கள் நிலப்படத்தை ஏ4 தாளில் தனியாக அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கைபேசித் திரையில் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பவர்கள் இரண்டு நாளில் பார்ப்பதையே விட்டுவிடுவார்கள்.

எதிலிருந்து தொடங்குவது

‘தி ஹாபிட்’ முதலில். 1937இல் வெளியான சிறுவர் நாவல், 19 அத்தியாயங்கள், ஒரு வாரத்தில் முடிந்துவிடும். பெரிய நாவல் இதன் தொடர்ச்சி. இதன் 5ஆம் அத்தியாயத்தை மட்டும் தவறவிடாதீர்கள். பெரிய நாவலின் மையமான மந்திர மோதிரம் பில்போ என்ற ஹாபிட்டின் கைக்கு எப்படி வந்தது என்பது அதில்தான் இருக்கிறது. பெரிய நாவலுக்குப் பொருந்துவதற்காக டோல்கீன் 1951 பதிப்பில் அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதினார். இன்று கிடைப்பது திருத்திய வடிவம்தான். இந்தச் சின்ன நாவலையும் 2012 முதல் 2014 வரை மூன்று படங்களாக நீட்டி எடுத்திருக்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்ப்பதற்கு ஆகும் நேரத்தோடு இன்னும் சில மணி நேரம் சேர்த்தால் நாவலைப் படித்தே முடித்துவிடலாம்.

‘தி சில்மரில்லியன்’ 1977இல், ஆசிரியர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து வந்த நூல். காலவரிசைப்படி அதில் வரும் சம்பவங்கள் முந்தியவை என்பதற்காக அதிலிருந்து தொடங்குபவர்கள் உண்டு. வேண்டாம். அது புராணத் தொகுப்பு. பெரிய நாவலை முடித்தவருக்குத்தான் அதில் வரும் பெயர்கள் பேசும்.

நேரக் கணக்கு

நாவல் நான்கரை லட்சம் சொற்களைத் தாண்டும். மொத்தம் 62 அத்தியாயங்கள். ஓர் அத்தியாயம் சராசரியாக 7,500 சொற்கள். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பவர் நிமிடத்துக்கு 150 சொல் என்று நிதானமாகப் போனால் ஓர் அத்தியாயத்துக்கு 50 நிமிடம். வாரத்துக்கு 5 அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் மூன்று மாதத்தில் முடித்துவிடலாம்.

அத்தியாயத்தை ஒரே அமர்வில் முடிப்பது முக்கியம். டோல்கீனின் அத்தியாயங்கள் பெரும்பாலும் ஓர் இடத்தில் தொடங்கி வேறோர் இடத்தில் இரவு தங்குவதாக முடியும். பாதியில் விட்டால் அந்த நடையின் சீர் கெட்டுவிடும். பேருந்தில் பத்துப் பத்து நிமிடமாகப் படிப்பது இந்த நாவலுக்கு ஒத்துவராது. வேலைநாளில் நேரம் இல்லையென்றால் வாரக் கடைசியில் இரண்டிரண்டாகப் படியுங்கள்.

இடையில் இரண்டு வாரம் விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்காதீர்கள். இந்த நாவலை முடிக்காமலே போனவர்கள் முதல் ஐந்து அத்தியாயங்களைப் பலமுறை படித்திருப்பார்கள். கடைசியாகப் படித்த அத்தியாயத்தின் இறுதி மூன்று பக்கங்களை மட்டும் மறுபடி பார்த்துவிட்டு மேலே போங்கள்.

பக்கத்தில் இருக்க வேண்டியவை

நிலப்படமும் ஒரு பென்சிலும். டோல்கீன் திசைகளை விடாமல் சொல்வார்: ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது, சூரியன் யார் முதுகில் அடிக்கிறது, மலை வலப்புறமா இடப்புறமா. பயணம் போகும் கூட்டம் இரவு தங்கும் இடத்தை ஒவ்வோர் அத்தியாய முடிவிலும் படத்தில் ஒரு புள்ளியாக வையுங்கள். தூரத்தை அவர் ‘லீக்’ கணக்கில் சொல்வார். 1 லீக் 3 மைல், கிட்டத்தட்ட 4.8 கிலோமீட்டர். 3ஆம் புத்தகத்தில் மூன்று பேர் நான்கு நாள் முடிவதற்குள் 45 லீக் ஓடிக் கடந்தார்கள் என்று கேட்டு ஒரு குதிரைப்படைத் தலைவன் வியந்து நிற்பான். அது 217 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவருக்குத்தான் அந்த வியப்பு முழுதாகப் புரியும்.

அடுத்தது, நீங்களே எழுதும் ஒரு பெயர்த்தாள். ஒருவருக்கே ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொரு பெயர் இருப்பதுதான் புதியவர்களைக் குழப்பும் முதல் விஷயம். மந்திரவாதி கேண்டால்ஃபுக்கு, எல்ஃப் என்ற சாவில்லாத இனத்தின் மொழியில் மித்ராந்திர் என்று பெயர். ஸ்ட்ரைடர் என்று அறிமுகமாகிறவர்தான் அரகோர்ன். ரிவெண்டெலில் அவரை டூனடான் என்பார்கள். மோரியாவும் கசாத்-தூமும் ஒரே இடம், ரிவெண்டெலும் இம்லாத்ரிஸும் ஒரே இடம். மோர்டோரை ஆளும் சௌரோன், மந்திரவாதி சாருமான் இருவரும் வேறு வேறு ஆட்கள். இந்த இருவரையும் முதல் நாளே எழுதி வைத்துவிடுங்கள். ரோஹான் நாட்டு மக்களின் பெயர்கள் ஒன்றுபோலவே ஒலிக்கும்: தியோடன் அரசர், தியோட்ரெட் அவருடைய மகன், ஏயோமர், ஏயோவின் இருவரும் அவருடைய தங்கை பிள்ளைகள்.

பெயர் மறந்துபோனால் இணையத்தில் தேடாதீர்கள். ரசிகர்கள் நடத்தும் கலைக்களஞ்சியங்களில் முதல் பத்தியிலேயே அந்தப் பாத்திரம் யார் கையால், எந்த ஆண்டில் இறந்தது என்று போட்டிருக்கும். படத்தின் சட்டகம் வேறு பெரிதாக வந்து நிற்கும்.

உச்சரிப்புக்கு இணைப்பில் விதிகள் உள்ளன. மூன்று போதும். எல்ஃப் பெயர்களில் ‘சி’ எழுத்து எப்போதும் ‘க’ ஒலிதான், அதனால் எல்ஃப் தலைவி கலாட்ரியேலின் கணவர் கெலெபோர்ன். ‘டி-எச்’ (dh) சேர்ந்து வந்தால் நம் ‘அது’ என்ற சொல்லில் வரும் மெல்லிய ‘த’ ஒலி. கரத்ராஸ் மலையை அப்படிச் சொல்ல வேண்டும். ‘ஏ-யு’ (au) சேர்ந்தால் ‘ஔ’. ஆங்கிலம் பேசுபவர்கள் தடுமாறும் இந்த இரண்டு ஒலிகளும் தமிழ் நாக்குக்கு எளிது.

ஆங்கிலச் சொற்கள்

கடினமாக இருப்பவை பெரும்பாலும் நிலத்தைக் குறிக்கும் சொற்கள். ஒரு இருபது சொல் தெரிந்துவிட்டால் பாதிச் சுமை இறங்கிவிடும். ‘ஃபோர்டு’ என்பது ஆற்றை நடந்தே கடக்கும் ஆழமில்லாத துறை. ‘டேல்’ பள்ளத்தாக்கு. ‘ஃபென்’ சதுப்பு. ‘மியர்’ ஏரி. காட்டுக்கு ‘ஈவ்ஸ்’ என்று வந்தால் காட்டின் விளிம்பு. ‘பேரோ’ என்பது பழங்காலத்தில் பிணத்தைப் புதைத்து மேலே எழுப்பிய மண்மேடு. ‘டௌன்ஸ்’ என்பதைப் பள்ளம் என்று நினைத்துவிடக் கூடாது, அது மரமில்லாத புல்மேடு. 1ஆம் புத்தகத்தின் 8ஆம் அத்தியாயம் முழுக்க இப்படிப்பட்ட மேடுகளில் நடக்கிறது. இதைத் தவறாகப் புரிந்துகொண்டால் அந்தக் காட்சியே தலைகீழாகிவிடும்.

மற்றச் சொற்களுக்கு அடிக்கடி அகராதியைத் திறக்காதீர்கள். ஒரே சொல் மூன்றாம் முறை வந்தால் மட்டும் பாருங்கள். அரசர்கள் பேசும் இடங்களில் ஆங்கிலம் திடீரெனப் பழைய நடைக்கு மாறும், ஹாபிட்டுகள் பேசும்போது நாட்டுப்புறப் பேச்சாக இறங்கும். டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். யார் எந்த நடையில் பேசுகிறார் என்பதிலேயே ஆளை அடையாளம் காட்டிவிடுவார். சத்தமாகப் படித்தால் இது காதில் உடனே விழும்.

சிக்கிக்கொள்ளும் இடங்கள்

முன்னுரை. ஹாபிட்டுகளின் குலங்கள், அவர்கள் புகைக்கும் இலை, ஷையரின் நிர்வாகம் என்று நீளும். கதை இன்னும் தொடங்கியிருக்காது. ‘தி ஹாபிட்’ படித்தவர்கள் இதை முழுவதும் தாண்டிவிட்டு நேராக முதல் அத்தியாயத்துக்குப் போகலாம். படிக்காதவர்கள் மோதிரம் கிடைத்த கதையைச் சொல்லும் 4ஆம் பகுதியை மட்டும் படித்தால் போதும். இரண்டாம் பதிப்புக்காக ஆசிரியர் எழுதிய முகவுரையையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

1ஆம் புத்தகம், 6 முதல் 8 வரை. பழைய காடு, டாம் பாம்படில் என்ற விசித்திரமான மனிதரின் வீடு, புதைமேடுகள். படத்தில் இந்த மூன்றும் இல்லை. அதனால் ‘இது தேவையில்லாத பகுதிதானே’ என்று பலர் தாண்டுகிறார்கள். தாண்டினால் இரண்டு நஷ்டம். 8ஆம் அத்தியாயத்தின் முடிவில் ஹாபிட்டுகளுக்குக் கிடைக்கும் பழைய கத்திகளில் ஒன்று 5ஆம் புத்தகத்தின் 6ஆம் அத்தியாயத்தில் மிக முக்கியமான ஒரு நொடியில் வேலைக்கு வருகிறது. அது எங்கே, யாரால், யாருக்கு எதிராக அடிக்கப்பட்டது என்பதை அங்கே ஆசிரியர் நினைவூட்டுவார். இரண்டாவது, மோதிரத்தின் சக்தி செல்லுபடியாகாத ஒரே ஆள் பாம்படில்தான். அவரைப் பார்த்தபின்தான் மற்றவர்கள் அதைக் கண்டு ஏன் நடுங்குகிறார்கள் என்பது உறைக்கும்.

2ஆம் புத்தகம், 2ஆம் அத்தியாயம்: எல்ரோண்டின் சபை. நாவலின் மிக நீளமான அத்தியாயம் இது, சராசரியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எல்லோரும் உட்கார்ந்து பேசுகிறார்கள், அவ்வளவுதான். இதற்கு மட்டும் ஒரே அமர்வு என்ற விதியைத் தளர்த்தி இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். யார் யாருக்கு அடுத்துப் பேசுகிறார் என்று தெரிந்தால் வழி தவறாது. குள்ளர் குலத்துக் க்ளோயின் தொடங்குவார்; எல்ரோண்ட் மோதிரத்தின் பழங்கதையைச் சொல்வார்; போரோமிர் ஒரு கனவைச் சொல்வார்; அரகோர்ன் உடைந்த வாளை வைப்பார்; பில்போவும், அவரிடமிருந்து மோதிரத்தைப் பெற்ற ஃபிரோடோவும் தங்கள் கதையைச் சொல்வார்கள்; பிறகு கேண்டால்ஃபின் நீண்ட பேச்சு. அதற்குப் பின்தான் ‘இனி என்ன செய்வது’ என்ற விவாதம். கேண்டால்ஃப் சாருமானைப் பற்றிப் பேசத் தொடங்கும் இடம் நிறுத்துவதற்கு வசதியானது. ஒவ்வொருவரும் கொண்டுவருவது புதிரின் ஒரு துண்டு. படம் அந்தத் துண்டுகளைத் தொடக்கத்திலேயே ஒட்டிக் காட்டிவிடுகிறது. நாவலிலோ ஃபிரோடோவோடு சேர்ந்து உட்கார்ந்து கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

4ஆம் புத்தகம். 3ஆம் புத்தகம் முழுக்க ஒரு கூட்டத்தாரின் கதை. 4ஆம் புத்தகம் முழுக்க இன்னொரு கூட்டத்தாரின் கதை. படத்தைப் போல மாறி மாறி வராது. முதலாவதில் குதிரை, கோட்டை, போர் என்று வேகமாகப் போய்விட்டு இரண்டாவதில் சதுப்பில் மூன்று பேர் மெதுவாக நடப்பதைப் படிக்கும்போது பொறுமை போகும். இரண்டு புத்தகங்களின் அத்தியாயங்களையும் தேதிப்படி கோத்துப் படிக்கும் பட்டியல்கள் உலவுகின்றன. முதல் வாசிப்பில் அவற்றைத் தொடாதீர்கள். மறுபக்கத்தில் இருப்பவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பது தெரியாமல் இருக்க வேண்டும் என்றுதான் ஆசிரியர் இப்படிப் பிரித்தார். பாத்திரங்களுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது.

தேதிக் குழப்பம் வராமல் இருக்க இதைப் பெயர்த்தாளின் மூலையில் எழுதிக்கொள்ளுங்கள். கூட்டம் பிரிவது பிப்ரவரி 26. 3ஆம் புத்தகம் மார்ச் 5 இரவு முடிகிறது. 4ஆம் புத்தகம் மார்ச் 13 வரை போகிறது. 5ஆம் புத்தகம் தொடங்கும்போது பிப்பின் என்ற ஹாபிட்டும் கேண்டால்ஃபும் கோண்டோரின் தலைநகரான மினாஸ் டிரித்தை அடைவது மார்ச் 9 காலை, அதாவது நீங்கள் அப்போதுதான் முடித்த பக்கத்துக்கு நான்கு நாள் முந்தி. மார்ச் 10 அன்று கிழக்கிலிருந்து இருள் பரவி விடியலே இல்லாமல் போகும். அந்த இருளை 4ஆம் புத்தகத்தில் ஒரு முறையும், 5ஆம் புத்தகத்தில் வேறு வேறு ஊர்களில் இருந்து பல முறையும் பார்ப்பீர்கள். இரண்டு கதைகளையும் கட்டியிருக்கும் முடிச்சு அது. இன்னொன்று நிலா. 5ஆம் புத்தகத்தின் தொடக்கத்தில் பிப்பின் நிலவைப் பார்த்து ஃபிரோடோ எங்கே இருப்பானோ என்று நினைப்பான். அதே நிலவை ஃபிரோடோவும் பார்த்துக்கொண்டிருந்தான் என்று ஆசிரியர் ஒரு வரி சொல்லிப் போவார். 4ஆம் புத்தகத்தின் 6ஆம் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போனால் அந்த நிலா அங்கே மறைந்துகொண்டிருக்கும்.

பாடல்கள். நாவலில் அறுபதுக்கு மேல் இருக்கின்றன. எல்லாவற்றையும் உருப்போட வேண்டியதில்லை, எல்லாவற்றையும் தாண்டவும் கூடாது. செய்தி சொல்லும் பாடல்கள் சில உண்டு: மோதிரங்களின் எண்ணிக்கையைச் சொல்லும் செய்யுள், ப்ரீ ஊர் விடுதியில் கிடைக்கும் கடிதத்தில் உள்ள செய்யுள், போரோமிரின் கனவில் வந்த வரிகள், 5ஆம் புத்தகத்தின் 2ஆம் அத்தியாயத்தில் வரும் பழைய தீர்க்கதரிசனம். இவை நான்கும் கட்டாயம். ரிவெண்டெலில் பில்போ பாடும் நீண்ட பாடல் முதல் வாசிப்பில் புரியாது. ஓசைக்காக ஒரு முறை வாய்விட்டுப் படித்துவிட்டு நகருங்கள்.

படம் பார்த்துவிட்டவர்களுக்கு மட்டும்

உங்கள் சிக்கல் வேறு. ஃபிரோடோ என்றதும் நடிகரின் முகம் வரும், கதை தெரியும் என்ற அலட்சியம் வரும். மேலே சொன்ன 1ஆம் புத்தகப் பகுதிதான் இதற்கு மருந்து. 3ஆம் அத்தியாயத்தில் இருந்து 8 வரை படத்தில் இல்லாத காட்சிகளே அதிகம், எனவே மனம் சொந்தமாக உருவங்களைக் கட்டியே ஆக வேண்டும். நிதானமாகப் படித்து இங்கேயே உங்கள் ஃபிரோடோவை உருவாக்கிக்கொள்ளுங்கள். அவன் பயணம் புறப்படும்போது வயது 50. பில்போவின் பிறந்தநாள் விருந்துக்கும் அந்தப் புறப்பாட்டுக்கும் நடுவில் 17 ஆண்டுகள் போயிருக்கும். படம் அதைச் சில நாட்கள்போலக் காட்டிவிடுகிறது.

5ஆம் அத்தியாயத்தில் இன்னொரு திருத்தம் காத்திருக்கிறது. படத்தில் மெர்ரியும் பிப்பினும் சோளக்காட்டில் தற்செயலாக வந்து மோதுவார்கள். நாவலில் அவர்கள் மாதக்கணக்கில் ஃபிரோடோவைக் கண்காணித்து, மோதிரத்தைப் பற்றித் தெரிந்துகொண்டு, அவனைத் தனியாக அனுப்ப மாட்டோம் என்று முடிவெடுத்துத் தயாராகக் காத்திருப்பார்கள். ஆபத்து என்னவென்று அறிந்தே வரும் நண்பர்கள். இதைப் படித்தபின் அந்த இருவரையும் கோமாளிகளாகப் பார்க்கவே முடியாது.

படம் மாற்றிய இடங்களில் எங்கே கவனமாக நிற்க வேண்டும் என்றால், ஆற்றுத் துறையில் ஃபிரோடோ. படத்தில் ஆர்வென் அவனைச் சுமந்து வந்து எதிரிகளைத் தடுப்பாள். நாவலில் க்ளோர்ஃபிண்டெலின் குதிரை மேல் தனியாக இருக்கும் ஃபிரோடோ, நினைவு தப்பும் நிலையிலும் திரும்பி நின்று ஒன்பது பேரையும் எதிர்த்துப் பேசுவான். அவனுடைய மனவலிமையை முதலில் அளந்து காட்டும் இடம் அது; அது போய்விட்டால் மோர்டோர் வரை போக இவனால் எப்படி முடிந்தது என்ற கேள்விக்கு விடை கிடைக்காது. ஃபாராமிர் மோதிரத்தை எடுத்துக்கொள்ள நினைப்பதே இல்லை. ஃபிரோடோவை ஓஸ்கிலியாத்துக்கு இழுத்துப் போவதும் இல்லை. படிக்கட்டில் ஃபிரோடோ சாமைத் துரத்திவிடுவதும் நாவலில் கிடையாது. இருவரும் சேர்ந்தேதான் குகைக்குள் போகிறார்கள். இறந்தவர்களின் படை மினாஸ் டிரித்துக்கு வருவதில்லை. அது பெலார்கிர் துறைமுகத்தில் கப்பல்களைப் பிடித்துக் கொடுத்ததோடு விடுதலை பெறுகிறது. கப்பலில் வந்து இறங்குபவர்கள் தென்பகுதியைச் சேர்ந்த சாதாரண மனிதர்கள், போரை வெல்வதும் மனிதர்கள்தான். ஹெல்ம்ஸ் டீப் போர் ஒரே ஓர் அத்தியாயம், அதில் எல்ஃப் படை கிடையாது.

இவை எல்லாவற்றையும் விடப் பெரியது 5ஆம் புத்தகத்தின் கடைசி அத்தியாயம். கறுப்புக் கதவின் முன் சௌரோனின் தூதன் வந்து ஃபிரோடோவின் மித்ரில் சட்டையை எடுத்து நீட்டுவான். அப்போது வாசகரான உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஃபிரோடோ பிடிபட்டான் என்பது மட்டும். பத்து அத்தியாயங்களாக, பிடிபட்டபின் அவன் என்ன ஆனான் என்று ஒரு சொல்லும் வந்திருக்காது. கேண்டால்ஃபின் திகில் அப்படியே உங்கள் திகிலாகும். சாம் அவனை மீட்டதைப் படம் முன்னாலேயே காட்டிவிட்டதால் அந்தப் பயத்துக்கு அங்கே இடமே இல்லாமல் போனது. திரையரங்கில் ஓடிய வடிவில் தூதன் வரும் காட்சியே இல்லை, நீட்டித்த பதிப்பில்தான் இருக்கிறது. முடிவு தெரிந்தவர்கள்கூட இந்த அத்தியாயத்துக்கு முன்னால் இணைப்புகளைப் புரட்டாமல், 4ஆம் புத்தகத்துக்குத் திரும்பாமல் தொடர்ச்சியாகப் படித்தால் அந்த அதிர்ச்சி கிடைக்கும்.

கடைசி ஆறு அத்தியாயங்கள்

பெரிய முடிச்சு 6ஆம் புத்தகத்தின் 3ஆம் அத்தியாயத்தில் அவிழ்கிறது. அதன்பின் இன்னும் ஆறு அத்தியாயங்கள் உள்ளன. ‘எல்லாம் முடிந்தது, இது வெறும் வழியனுப்பு’ என்று நினைத்துப் புரட்டாதீர்கள். 8ஆம் அத்தியாயத்தில் ஹாபிட்டுகள் ஊர் திரும்பி அங்கே காண்பது, படங்கள் முற்றிலும் விட்டுவிட்ட ஒன்று. அது கதையின் இன்றியமையாத பகுதி, தொடக்கத்திலேயே திட்டமிடப்பட்டது என்று டோல்கீனே தம் முகவுரையில் சொல்லியிருக்கிறார். 1ஆம் புத்தகத்தில் வழிகாட்டிகள் இல்லாமல் நடுங்கிய நால்வர், இப்போது கேண்டால்ஃபின் உதவி இல்லாமல் தங்கள் ஊரை எப்படிக் கையாள்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் படியுங்கள். இந்த ஆறு அத்தியாயங்களுக்காக ஒரு வாரத்தை அவசரமில்லாமல் ஒதுக்கி வையுங்கள்.

இணைப்புகளும் படங்களும்

இணைப்புகளில் முதலில் படிக்க வேண்டியது, முதல் இணைப்புக்குள் இருக்கும் அரகோர்ன்–ஆர்வென் கதை. நாவலில் ஆர்வென் அதிகம் பேசுவதே இல்லை. படத்தில் வரும் காதல் பெரும்பாலும் இந்தச் சில பக்கங்களிலிருந்து எடுத்து விரித்தது. அந்தக் கதையின் முடிவு படத்தில் இருப்பதைவிட மிகக் கடினமானது. அடுத்தது இரண்டாம் இணைப்பு: நாள்வாரியான காலவரிசை. நீங்கள் குறித்துவைத்த புள்ளிகளையும் தேதிகளையும் அதோடு ஒப்பிடலாம். வம்ச வரிசை, நாட்காட்டி, எழுத்துமுறை எல்லாம் பிடித்தால் மட்டும்.

படம் பார்க்க ஏற்ற நேரம் நாவல் முழுவதும் முடிந்த பிறகு. வீட்டிலோ நண்பர்களோ அதற்கு முன்பே கூப்பிட்டால் இந்த எல்லைகளை வைத்துக்கொள்ளுங்கள். முதல் படத்தின் முடிவு 3ஆம் புத்தகத்தின் 1ஆம் அத்தியாயத்தையும் உள்ளடக்கியது. முதல் தொகுதியை முடித்ததோடு போகாமல் அந்த ஓர் அத்தியாயத்தையும் படித்துவிட்டுப் பாருங்கள். இரண்டாவது படத்துக்கு 4ஆம் புத்தகம் முழுவதும் முடிந்திருக்க வேண்டும். மூன்றாவது படத்துக்குக் கடைசிப் பக்கம் வரை. பார்க்கும்போது நீட்டித்த பதிப்பைத் தேர்ந்தெடுங்கள், நாவலிலிருந்து விட்டுப்போன பல காட்சிகளை அதில் சேர்த்திருக்கிறார்கள். நிலக்காட்சிகளையும் கட்டடங்களையும் நின்று பாருங்கள். நாவலுக்குப் பல ஆண்டுகள் படம் வரைந்த ஆலன் லீயும் ஜான் ஹோவும் வடிவமைத்தவை அவை, அந்த விஷயத்தில் படம் பக்கத்துக்கு நேர்மையாகவே இருக்கிறது.